கப்பல் டிக்கெட்டில் தொடங்கும் கணக்கு

எங்கள் வீட்டில் மேல்படிப்பு என்ற பேச்சு எழுந்தால் அம்மா முதலில் கேட்பது கல்லூரிக் கட்டணத்தை அல்ல. "கப்பலுக்கு எம்புட்டு ஆகும்?" என்பாள். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கடல் வழியே சுமார் 1,190 கிலோமீட்டர். கப்பலில் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாள். டிக்கெட்டிலேயே மலிவான பங்க் கிளாஸில் போனாலும் போக ஒரு தொகை, வர ஒரு தொகை. வழியில் சாப்பாடு, சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதும் ஆட்டோ, அங்கிருந்து ரயில், விடுதி முன்பணம், பாய் தலையணை, வாளி, பூட்டு. கல்லூரியின் முதல் ரசீது கைக்கு வருவதற்குள் வீட்டுச் சேமிப்பு கரைந்துவிடும். தீவில் பிறந்த பிள்ளைக்குப் படிப்புச் செலவு என்பது பெரும்பாலும் கடலைக் கடக்கிற செலவு. அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் இதை எங்கள் எல்லோருக்கும் முன்பே அவள் தெரிந்து வைத்திருந்தாள்.

அப்பா ராமநாதபுரம் சீமையிலிருந்து எழுபதுகளில் வந்தவர். மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, உறவுக்காரர் ஒருவர் பின்னால் கப்பலேறியவர். போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையான பம்பூபிளாட்டில் ஒரு தனியார் மர ஆலையில் சுமை ஏற்றும் வேலை. படாக், குர்ஜன் என்று மரங்களின் பெயரை அவர் சொல்லித்தான் நாங்கள் கற்றோம். கூலி வாரக் கூலி. மழைக்காலத்தில் வேலை குறையும், கூலியும் குறையும். அம்மா ஜெட்டிக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்தாள். சாத்தம் போகும் முதல் பெர்ரியைப் பிடிக்கிறவர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. நாலு மணிக்கு அடுப்பு எரியும். வாடகை, அரிசி, ஊரில் இருக்கும் பாட்டிக்கு அனுப்பும் மணியார்டர் எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவது சீட்டுப் பணத்துக்குச் சரியாக இருக்கும். சில மாதம் அதுவும் துண்டு விழும்.

2000-ஆம் ஆண்டு நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். எங்கள் தெருவில் பெண் பிள்ளைகள் அதோடு நிற்பதுதான் வழக்கம். ஆனால் மேலே படிக்கலாமா என்ற கேள்விக்கு என் வீட்டில் விடை எளிதாகக் கிடைத்தது. போர்ட் பிளேரிலேயே அரசுக் கல்லூரி இருந்தது. ஜவஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா, ஊர் வழக்கில் ஜே.என்.ஆர்.எம். 1967-இல் தொடங்கியது. முதலில் சண்டிகரில் இருக்கும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது, பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. அங்கே பி.காம். சேர்ந்தேன். கட்டிய தொகையை அப்பா தன் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அடகும் இல்லை, கைமாற்றும் இல்லை. ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த நிம்மதியை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அரசு ஒரு கல்லூரியை நடத்துகிறது என்றால் ஒரு கூலித் தொழிலாளியின் முகத்தில் அது எப்படித் தெரிகிறது என்பதை நான் அங்கே பார்த்தேன்.

கட்டணம் குறைவு என்பதால் படிப்பு இலவசமாகிவிடாது. என்னோடு பள்ளி முடித்த பிள்ளைகள் சிலர் அபர்டீன் பஜார் கடைகளில் வேலைக்குச் சேர்ந்து மாதச் சம்பளம் கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள். நான் மூன்று வருடம் வீட்டுக்கு அந்தப் பணத்தைக் கொண்டுவரப் போவதில்லை. அந்த இழப்புக்கு யாரும் ரசீது தருவதில்லை, ஆனால் எங்கள் வீடு செலுத்திய மிகப் பெரிய தொகை அதுதான். ஒரு பெரியம்மா அம்மாவிடம் நேராகவே கேட்டார்: "சம்பாதிக்கிற வயசுல பொட்டப்புள்ளயப் பொஸ்தகத்தோட அனுப்புறியே, நாளைக்கி இவ உனக்கா கொட்டப் போறா?" அம்மா கரண்டியைக் கழுவியபடியே, "எனக்குக் கொட்ட வேணாம், அவளுக்கு இருக்கட்டும்" என்றாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு அவ்வளவுதான் பேசினாள்.

காலையில் கடையில் சட்னி அரைத்துக் கொடுத்துவிட்டு பெர்ரி ஏறுவேன். பம்பூபிளாட்டிலிருந்து சாத்தத்துக்குக் கண்ணெதிரே கரை தெரியும் தூரம்தான். அதையே சாலை வழியாகப் போனால் ஃபெரார்கஞ்ச் சுற்றிக்கொண்டு பாதி நாள் போய்விடும். புயல் எச்சரிக்கை வந்து பெர்ரி நின்றால் எங்கள் கரைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி இல்லை. சாத்தத்தில் இறங்கினால் 1883-இல் வெள்ளைக்காரன் கட்டிய அரசு மர அறுவை ஆலை, அதைத் தாண்டி பஸ். மாணவர் பாஸ் இருந்ததால் போக்குவரத்துக்கு அதிகம் ஆகவில்லை. மதியச் சாப்பாடு தூக்குவாளியில் கடை இட்லிதான். கல்லூரி கேண்டீனில் டீ குடிப்பதுகூட யாராவது வாங்கிக் கொடுத்தால்தான். புத்தகங்கள் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும், விலையும் கூடுதல். அதனால் சீனியர் அக்காக்களிடம் பாதி விலைக்கு வாங்கி, படித்து, அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அதே பாதி விலைக்கு விற்றுவிடுவோம். ஒரே கணக்குப் பதிவியல் புத்தகத்தில் மூன்று நான்கு பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும்.

மாலையில் ஜங்கிளிகாட்டில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதினேன். முதலாளி சிவகங்கைப் பக்கத்துக்காரர். போர்ட் பிளேர் வியாபாரத்தில் தமிழர்கள் கை பெரியது. நாடார், செட்டியார், மரைக்காயர் என்று பல ஊர்க்காரர்கள் கடை வைத்திருந்தார்கள். என் படிப்பை அங்கே உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். வகுப்பில் விற்பனை வரிச் சட்டத்தைப் பக்கம் பக்கமாகப் படிப்போம். கடைக்கு வந்தால் அந்தப் பத்தியே கிடையாது, ஏனென்றால் அந்தமானில் விற்பனை வரி என்பதே இல்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வரும்வரை அப்படித்தான் இருந்தது. கப்பல் வாடகை, துறைமுகக் கூலி, வழியில் அழுகிப்போன வெங்காயம், உடைந்த முட்டை என்று இந்தத் தீவின் வரி வேறு விதமானது என்பது முதலாளியின் சரக்கு நோட்டில் தெரிந்தது. அவர் கொடுத்த சம்பளத்தில் தேர்வுக் கட்டணம் கட்டினேன். மிச்சத்தை அம்மாவிடம் கொடுத்தால் வாங்கமாட்டாள். அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு வருவேன்.

எங்கள் வகுப்பில் கேம்பல் பேயிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா முன்னாள் படைவீரர். 1969 முதல் கிரேட் நிக்கோபாரில் முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு குடியமர்த்தியபோது தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களில் ஒன்று. ஊருக்குப் போக கப்பல் எப்போது கிளம்பும் என்பதே அவளுக்குப் பெரும் கேள்வி. கிளம்பினாலும் இடையில் தீவு தீவாக நின்று நின்று போகவேண்டும். போர்ட் பிளேர் எனக்குப் பக்கத்து ஊர், அவளுக்கு அதுவே ஒரு மெயின்லேண்ட். தூரத்து உறவினர் வீட்டில் தங்கி, அந்த வீட்டுக் குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்கு வருவாள். வாடகையாக அவள் கொடுத்தது தன் காலை நேரங்களை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகமாட்டாள், போனால் திரும்ப டிக்கெட் கிடைக்காது என்ற பயம். அரசுக் கல்லூரியின் குறைந்த கட்டணம் எனக்குச் செய்த நன்மையில் பாதிதான் அவளுக்குச் செய்தது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கல்லூரி இருப்பது அதைவிடப் பெரிய உதவித்தொகை என்பதை அவளைப் பார்த்துத்தான் உணர்ந்தேன். வடக்கே மாயாபந்தரில் 1990-இல் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி வந்தது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்ன செய்திருக்கும் என்று கற்பனை செய்ய எனக்குச் சிரமம் இல்லை.

2002 எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்ட வருடம். அந்தமான் காடுகள் பற்றிய வழக்கில் சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. வணிகத்துக்காக இயற்கைக் காட்டு மரங்களை வெட்டுவதும் மெயின்லேண்டுக்கு மரம் அனுப்புவதும் நின்றன. காட்டுக்கும், காட்டில் வாழும் ஜாரவா மக்களுக்கும் அந்த ஆணை தேவைப்பட்டது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த மரத்தைத் தோளில் சுமந்து பிழைத்தவர்கள் அடுத்த வாரக் கூலிக்கு எங்கே போவார்கள் என்பதும் ஒரு கேள்வி. எங்கள் பக்கத்து ஆலைகள் முன்பே தள்ளாடிக்கொண்டிருந்தன, அதன் பிறகு எழவே இல்லை. அப்பா நாற்பத்தெட்டு வயதில் கொத்தனார்களுக்குச் சித்தாளாகப் போனார். டி.ஆர்.எம். வேலைக்கு, அதாவது அரசுத் துறைகளில் தினக்கூலி மஸ்தூராகச் சேர, மனுக்கொடுத்துக் காத்திருந்தார். தீவில் கூலிக்காரர்களின் பெருங்கனவு அது. அவருக்குக் கடைசிவரை அது கிடைக்கவில்லை.

அதே மே மாதத்தில் தம்பியின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் வந்தது. அவனுக்கு இன்ஜினியரிங் ஆசை. அப்போது தீவில் பஹர்காவ் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மட்டும்தான் இருந்தது. அதுவே பின்னால் அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனமாகி பட்டப்படிப்பும் வந்தது வேறு கதை. நிர்வாகத்தின் ஒதுக்கீட்டில் மெயின்லேண்ட் கல்லூரிகளில் சில இடங்கள் உண்டு. மதிப்பெண் வரிசை அவன்வரை இறங்கவில்லை. மிச்சமிருந்தது தமிழ்நாட்டில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு. கட்டணமும் விடுதியும் சாப்பாடும் சேர்த்து ஆண்டுக்கு எழுபதாயிரத்தை நெருங்கியது. அது எங்கள் வீட்டின் இரண்டு வருட வருமானம்.

உதவித்தொகை என்ற வாசலையும் தட்டிப் பார்த்தோம். இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், மெயின்லேண்ட் தமிழர்களில் பலருக்கு இது தெரியாது. அந்தமான் நிக்கோபாருக்குப் பழங்குடியினர் பட்டியல் உண்டு, பட்டியல் சாதிகளின் பட்டியல் என ஒன்று அறிவிக்கப்படவே இல்லை. ராமநாதபுரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழோடு உதவித்தொகை வாங்கிப் படிக்கும் பிள்ளையின் சித்தப்பா மகன், அதே வறுமையோடும் அதே சாதி இழிவோடும் கப்பலேறி வந்த அப்பாவின் மகன், தீவில் பிறந்துவிட்டால் அந்த வாசல் அவனுக்கு இல்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் பின்னாளில் வந்தது. அதில் 1942-க்கு முன்பிருந்தே இங்கு வாழ்வோர், வங்காளக் குடியேறிகள், கரேன், பாந்து, மாப்பிள்ளை என்ற பிரிவுகள் இருக்கின்றன. தமிழர் என்று ஒரு பிரிவு இல்லை. இலங்கையிலிருந்து சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போனவர்களின் பிள்ளைகளும் இதற்கு வெளியேதான். தமிழ்நாட்டுக்குப் போனால் நீ அந்தமான்காரன், உனக்கு இங்கே இருப்பிடச் சான்று இல்லை என்பார்கள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பட்டியலுக்கும் நடுவில் நிற்கிறார்கள். இதைப் பற்றி எனக்கு அன்று கோபம் இருந்தது, இன்றும் குறையவில்லை.

கடைசியில் கல்விக் கடன். 2001-இல் வங்கிகள் கொண்டுவந்த மாதிரித் திட்டத்தின்படி நான்கு லட்சம் வரை சொத்து ஈடு தேவையில்லை. அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். காகிதத்தில் அப்படி. நாங்கள் போன கிளையில் அரசு ஊழியர் ஒருவரின் ஜாமீன் வேண்டும் என்றார்கள். நான் விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன், மேலாளர் பார்த்தார், அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே கழிந்தன. கல்லூரி கெடு நெருங்கியது. ஒரு நாள் மாலை அப்பாவோடு முன்பு சுமை தூக்கியவரின் மருமகன், ஒரு துறையில் கிளார்க், தானாகவே வீட்டுக்கு வந்தார். "மாமா, நான் போடுறேன் கையெழுத்து" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை. எந்தப் பட்டியலிலும் வராத உதவித்தொகை அது. ஒருவருக்கொருவர் இப்படி நிற்காமல் இருந்திருந்தால் தீவுத் தமிழர்களில் பாதிப் பேர் பட்டம் வாங்கியிருக்க முடியாது.

கடன் வருவதற்குள் முதல் தவணையைக் கட்டியாக வேண்டும். அம்மாவின் தோடு, தாலிச் செயினிலிருந்த குண்டுமணிகள், சீட்டைத் தள்ளி எடுத்த தொகை, பலசரக்குக் கடை முதலாளி தந்த மூன்று மாத முன்பணம் எல்லாம் சேர்ந்தது. ஹட்டோ ஜெட்டியில் அவனைக் கப்பலேற்றும்போது அம்மா ஒரு மூட்டை கருவாட்டையும் தேங்காயையும் தந்தாள். விடுதியில் சமைக்கவா போகிறான் என்று கேட்டதற்கு, "விக்கலாம்ல" என்றாள்.

நான்கு வருடத்தில் அவன் வீட்டுக்கு வந்தது அரிது. செமஸ்டர் விடுமுறை மூன்று வாரம் என்றால், போக வர ஒரு வாரம் கடலிலேயே போய்விடும். டிக்கெட்டுக்குப் பணமும் வேண்டும். விடுதி மூடியதும் ராமநாதபுரத்தில் பாட்டி வீட்டுக்குப் போய், செங்கல் சூளையில் வேலை செய்து அடுத்த செமஸ்டர் புத்தகத்துக்குச் சேர்த்துக்கொண்டு திரும்புவான். கட்டணத்தை வங்கி கட்டியது. மெஸ் பில்லை யாரும் கட்டவில்லை. மாதா மாதம் ஏறி இறங்கும் அந்தப் பில்தான் எங்களை வாட்டியது. 2003-இல் நான் பட்டம் முடித்து ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கராகச் சேர்ந்த பிறகு மெஸ் பில் என் பொறுப்பாயிற்று. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசும்போது அவன் பில் தொகையை மட்டும் மெல்லிய குரலில் சொல்வான். "அக்கா, இந்த மாசம் கொஞ்சம் கூட" என்று தொடங்கினால் மெஸ் பில்லோடு வேறு ஏதோ பீஸும் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2004 டிசம்பர் 26, சுனாமி. எங்கள் உயிர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிக்கோபார் தீவுகளில் நடந்ததை நினைத்தால் இதை எழுதவே கை வரவில்லை. கச்சாலிலும் கார் நிக்கோபாரிலும் ஊர் ஊராகப் போயின. தெற்கு அந்தமானில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயல்கள் கடலாயின. ஜெட்டிப் பக்கம் ஓதம் ஏறும்போதெல்லாம் தண்ணீர் கடைக்குள் வந்தது, மறுநாளும் வந்தது, மாதக் கணக்கில் வந்தது. அம்மாவின் கடை அதோடு முடிந்தது. தம்பி மூன்றாம் வருடம். போன் பேச முடிந்தபோது அவன் கேட்ட இரண்டாவது கேள்வி, படிப்பை நிறுத்திவிட்டு வரவா என்பது. அப்பா போனை வாங்கி, "வந்தியன்னா கப்பலுக்குத்தான் செலவு, அங்கனயே இரு" என்றார். அம்மாவின் பேச்சு அப்பாவுக்கும் வந்துவிட்டிருந்தது.

படிப்பு முடிந்து ஒரு வருடம், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முந்துகிறதோ அப்போதிலிருந்து கடனைத் திருப்ப வேண்டும் என்பது திட்டம். படிக்கும் காலத்து வட்டியும் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அவன் சம்பளமும் என் சம்பளமுமாக 2012 வரை கட்டினோம். என் கல்யாணம் அதனால் தள்ளிப்போனது, அவனுடையது இன்னும் தள்ளிப்போனது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டில்தான் வந்தது. அதற்கு முன் கடன் வாங்கியவர்களின் வட்டி பாக்கிக்கு 2014 இடைக்கால பட்ஜெட்டில் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கி, ஒன்பது லட்சம் மாணவர்கள் பயன்பெறுவார்கள் என்றார்கள். பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அது. ஒழுங்காகக் கட்டி முடித்திருந்த எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்பது லட்சம் வீடுகளில் விளக்கு எரிந்தது எனக்கு மகிழ்ச்சிதான். அப்படி ஒரு வீட்டின் இரவுகள் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஒரே வீட்டில், ஒரே அடுப்பின் வருமானத்தில் இரண்டு பட்டங்கள். என் பட்டத்துக்கு வீடு கடன்படவில்லை. தம்பியின் பட்டத்துக்குப் பத்து வருடம் கடன்பட்டது. எங்கள் இருவரின் அறிவிலோ உழைப்பிலோ இதற்குக் காரணம் இல்லை. நான் விரும்பிய படிப்பு பெர்ரிக்கு அக்கரையில் அரசுக் கல்லூரியில் இருந்தது, அவன் விரும்பியது 1,190 கிலோமீட்டருக்கு அப்பால் தனியாரிடம் இருந்தது, அவ்வளவுதான். அதனால்தான் 2015-இல் போர்ட் பிளேரில் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, என் வீட்டில் மருத்துவம் படிக்க யாரும் இல்லாதபோதும், நாங்கள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி செய்து கொடுத்தோம். தீவுக்குள் அரசு திறக்கும் ஒவ்வொரு படிப்பும் பல வீடுகளின் தோட்டையும் தாலியையும் அடகுக் கடைக்குப் போகாமல் காக்கிறது. இருக்கும் கல்லூரிகளில் புதிய பாடங்கள் வேண்டும், கேம்பல் பே, ஹட் பே பிள்ளைகளுக்குப் போதுமான விடுதி வேண்டும், கட்டணம் அப்பாவின் சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவிலேயே இருக்க வேண்டும். இதைக் கேட்பதில் எனக்குக் கூச்சமே இல்லை.

இப்போது ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் எங்கள் பக்கத்து ஜனங்கள் கல்லூரி விளம்பரத் தாள்களோடு என் வீட்டுக்கு வருகிறார்கள். கட்டணத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். மெஸ் பில் யார் கட்டுவது, விடுமுறையில் பிள்ளை எங்கே தங்கும், முதல் தவணைக்கும் கடன் பணத்துக்கும் இடையில் எத்தனை நாள், இவற்றை முதலில் எழுதச் சொல்வேன். 2024-இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் ஜாமீனும் ஈடும் இல்லாமல் கடன் உண்டு, ஆனால் அரசின் பட்டியலில் உள்ள தரமான கல்லூரிகளில் ஒன்றில் இடம் கிடைத்திருக்க வேண்டும். ஆகவே கல்லூரியின் பெயரை அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. இந்த வருடம் ஒரு ஆட்டோ ஓட்டுநரும் அவர் மகளும் வந்திருக்கிறார்கள். அவளுக்கு பி.எஸ்சி. நர்சிங் படிக்க ஆசை. மெயின்லேண்ட் கல்லூரி ஒன்று இடம் தருவதாகச் சொல்லி மூன்று நாளில் முன்பணம் கட்டச் சொல்லியிருக்கிறது. பணம் கட்ட வேண்டாம், முதலில் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா பார்க்கலாம், ஜே.என்.ஆர்.எம். விண்ணப்பத்தையும் கூடவே போட்டு வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். கணக்குப் போட உட்காரும்போது வீட்டில் அரிசி வாங்குகிறவர் இருக்க வேண்டும்.